உயிர்: முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது

பிளஸ் டூ முடிவு வந்த அன்று திரேஸ்புரத்தில் பதினேழு பிள்ளைகள் பாசானார்கள், மூன்று பேர் பெயிலானார்கள். எமில்டா இரண்டிலும் சேரவில்லை. இன்டர்நெட் கடைத் திரையில் அவளுடைய மற்றப் பாடங்களுக்கு எதிரே எண்கள் இருந்தன, நல்ல எண்கள். விலங்கியலுக்கு எதிரே மட்டும் எழுத்து இருந்தது: "நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம்: உயிர்."

அவளுடைய அப்பா தஸ்நேவிஸ் அதை மூன்று தடவை எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் சங்கு குளிக்கிறவர். எட்டுப் பாகம் ஆழத்தில், கலங்கிய தண்ணீரில், எது கல் எது சங்கு என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். இந்த ஒரு சொல் மட்டும் எப்படித் தடவினாலும் பிடி கொடுக்கவில்லை.

"உயிருன்னா என்னளா அர்த்தம்? ஒனக்கு உயிரு இல்லங்கானுவளா?"

"தெரியலப்பா."

"சர்வர் கோளாறா இருக்கும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

வீட்டில் கிளாடிஸ், மகள் பாசானால் மாதா கோயிலில் ஏற்றுவதாக முழ நீளத்தில் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாள். அதை வாங்கியும் வைத்துவிட்டாள். இப்போது ஏற்றலாமா கூடாதா என்று கணவரைக் கேட்டாள். தஸ்நேவிஸ், "பாதி ஏத்து" என்றார்.

மீன்வளப் படிப்புக்குக் கலந்தாய்வு ஜூலை பதினெட்டாம் தேதி. எமில்டா அந்தப் படிப்பைத் தவிர வேறெதற்கும் விண்ணப்பிக்கவில்லை. முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. கடலடிப் பார்களில், அந்தப் பாறைத் திட்டுகளில், முத்துச் சிப்பி ஏன் முன்போலத் தங்குவதில்லை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டாள். கோயிலில் கேட்டாள். யாருக்கும் தெரியாது என்று உறுதியான பிறகு, தானே படித்துத் தெரிந்துகொள்வதென்று முடிவுசெய்த பெண் அவள்.

மறுநாள் அப்பாவும் மகளும் தென்கடல் வட்டாரத் தேர்வு நடுவத்துக்குப் போனார்கள். இரண்டாவது மாடியில், உதவியாளர் பானுப்ரியா பதிவு எண்ணை வாங்கிப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். உள்ளே திரும்பி, "சார், வந்துட்டாங்க!" என்று கூவினார்.

உள்ளேயிருந்து சிறப்பு அலுவலர் விஜயராஜ் வேகமாக வந்து தஸ்நேவிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தஸ்நேவிஸ் பயந்துபோனார். அரசு அலுவலகம் எதிலும் அவர் கையை யாரும் இதுவரை பிடித்ததில்லை.

"நாலு வருஷம் அண்ணாச்சி. நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கோம். ஒக்காருங்க. பானுப்ரியா, டீ சொல்லும்மா."

டீ வருவதற்குள் விஜயராஜ் வரலாற்றைச் சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு கூட்டங்கள் இந்த அலுவலகத்தின் முன் வந்து உட்கார்ந்தன. பாடப்புத்தகம் கடவுளைக் கேவலப்படுத்துகிறது என்றது ஒன்று. தேர்வு அறையில் பிள்ளைகள் ஜெபம் சொல்லிவிட்டுப் பரிணாமம் எழுதுகிறார்கள், அறிவியலைக் கேவலப்படுத்துகிறார்கள் என்றது இன்னொன்று. இரு கூட்டத்துக்கும் நியாயம் செய்வதற்காக 'உயிர்த்தோற்ற விளக்க நல்லிணக்கக் குழு' அமைக்கப்பட்டது. மூன்று மாதத்தில் அறிக்கை தருவதாக ஏற்பாடு. ஆனால் விசாரிக்க ஒரு விடைத்தாளாவது வேண்டாமா? பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தில் உள்ளதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போனார்கள். நான்கு வருஷத்தில் ஒருவர்கூடச் சந்தேகத்துக்கு இடம்கொடுக்கவில்லை.

"ஒங்க பிள்ளைதான் மொதல்ல" என்றார் விஜயராஜ், குரல் கனிந்து.

கேள்வி: 'உயிரினங்களின் தோற்றத்தை விளக்குக.' ஐந்து மதிப்பெண். எமில்டா ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஆதிக் கடல், அதில் கரைந்திருந்த பொருட்கள், முதல் செல், இயற்கைத் தேர்வு, எல்லாம் வரிசையாக, படத்துடன். கடைசியில் மூன்று வரி கூடுதலாக இருந்தது. 'முதல் உயிர் எப்படி வந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. அது ஏன் சாகாமல் இருக்க ஆசைப்பட்டது என்று இல்லை. கடவுளுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.'

முதலில் திருத்தியவர் ஐந்துக்கு ஐந்து போட்டார். மறுபார்வை செய்தவர், 'அறிவியல் விடைத்தாளில் கடவுள்' என்று ஓரத்தில் குறித்துப் பூஜ்யம் போட்டார். அவருக்கு மேலே இருந்தவர், பூஜ்யம் போட்டால் மத உணர்வு புண்படும், ஐந்து போட்டால் அறிவியல் உணர்வு புண்படும் என்று எழுதி, எந்த எண்ணும் போடாமல் கோப்பைக் குழுவுக்கு அனுப்பினார்.

"பிள்ள எழுதுனதுல தப்பு என்ன சார்?" என்று கேட்டார் தஸ்நேவிஸ்.

"தப்புன்னு யாரு சொன்னா? சரின்னு யாரு சொன்னா? இந்த அலுவலகம் நடுநிலையானது அண்ணாச்சி. உண்மை ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம் நின்னா நாங்க நடுவுல நிப்போம். எது எந்தப் பக்கம் நிக்குதுன்னு திரும்பிக்கூடப் பாக்கமாட்டோம். பாத்தா பாரபட்சம் ஆயிரும்."

"ஜூலை பதினெட்டு கலந்தாய்வு சார்" என்றாள் எமில்டா.

"முன்னூத்தி எண்பது கோடி வருஷத்துப் பிரச்சினைம்மா இது" என்றார் விஜயராஜ். சொன்னதும் திடுக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டார். "அப்படின்னு ஒரு தரப்பு சொல்லுது."

பிறகு ஒரு படிவம் தந்தார்கள். பெயர், முகவரி, பதிவு எண் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது பத்தியில் தஸ்நேவிஸின் பேனா நின்றது. 'தேர்வரின் தந்தை தோன்றிய விதம்: படைப்பு / பரிணாமம் / இதர. (தக்க சான்று இணைக்கவும்.)'

மூன்று வார்த்தைகளையும் மாறிமாறிப் பார்த்தார். தம் அப்பாவும் அம்மாவும் இதில் எங்கே வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் 'இதர' என்பதற்கு வட்டம் போட்டு, மறுநாள் பிறப்புச் சான்றிதழையும் கோயிலில் வாங்கிய ஞானஸ்நானச் சான்றையும் கொண்டுபோனார்.

பானுப்ரியா இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "இது பிறந்ததுக்கு அண்ணாச்சி. நாங்க கேக்கது தோன்றுனதுக்கு."

"அதுக்கு யாருகிட்ட வாங்கணும்மா?"

"அது இன்னும் முடிவாகல. அதை முடிவு பண்ணத்தானே குழு."

பங்குச் சாமியார் பவுல் அடிகளாரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுபது வயது, முன்பு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவர்.

"இதுல சண்டையே இல்லையேப்பா. எப்படி வந்துச்சுன்னு அறிவியல் சொல்லுது. யாரால, எதுக்குன்னு வேதம் சொல்லுது. பிள்ள ரெண்டையும் அது அது இடத்துல வச்சுல்லா எழுதியிருக்கு. இரு, நான் லெட்டர் தாரேன்." பரிணாமத்தை ஏற்பதில் தமக்கோ தம் விசுவாசத்துக்கோ எந்த இடையூறும் இல்லை, மாணவிக்கு மதிப்பெண் வழங்குவதில் ஆட்சேபம் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

தஸ்நேவிஸ் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தபடியே பஸ்ஸில் போனார்.

விஜயராஜ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் வாடிவிட்டது. "இது என்ன அண்ணாச்சி, முரண்பாடே இல்லன்னு எழுதியிருக்காரு?"

"ஆமா சார். அதான் சார் நல்ல சேதி."

"முரண்பாடு இருந்தாத்தானே நல்லிணக்கம் செய்ய முடியும்? இல்லேன்னு ஒருத்தர் சொன்னா, அவர் இந்தக் குழுவையே இல்லேங்காருன்னுதான் அர்த்தம். சாமியார் நல்லவரா இருக்கலாம். ஆனா கொஞ்சம் கோபமா எழுதச் சொல்லுங்க. கண்டனம்னு ஒரு வார்த்தையாவது இருக்கணும்."

அடிகளார் கோபப்பட மறுத்துவிட்டார். கடிதம் 'தகராறு இன்மையால் பரிசீலிக்க இயலவில்லை' என்ற குறிப்புடன் கோப்பில் சேர்ந்தது.

ஜூன் கடைசி வாரம் குழு கூடியது. தஸ்நேவிஸையும் எமில்டாவையும் சுவரோரம் உட்காரவைத்தார்கள். குழுவில் இரண்டே உறுப்பினர்கள். அறிவியல் உறுப்பினர் முனைவர் செந்தூர்வேல். ஓய்வுபெற்ற பேராசிரியர், ஜூன் வெயிலிலும் கோட்டு. சமய உறுப்பினர் அய்யாக்குட்டி அண்ணாச்சி, பாத்திரக்கடை வைத்திருப்பவர். எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவர் கோயில் கொடைக்கு அண்டா கொடுத்திருந்தார், நோன்புக் கஞ்சிக்கு அண்டா கொடுத்திருந்தார், கிறிஸ்துமஸ் அசன விருந்துக்கும் அண்டா கொடுத்திருந்தார். ஆகவே அவரைப் போட்டார்கள்.

"மொதல்ல அந்த விடைய வாசிச்சிருவோமா சார்?" என்று பானுப்ரியா கேட்டார்.

"கூடாது" என்றார் முனைவர். "கடவுள்னு ஒரு வார்த்தை அதுல இருக்கு. வாசிச்சா என் அறிவியல் மனப்பான்மை பாதிக்கப்படும்."

"நானும் வாசிக்க மாட்டேன்" என்றார் அய்யாக்குட்டி அண்ணாச்சி. "கொரங்கு இருக்கும்."

"கொரங்கு இல்ல அண்ணாச்சி" என்றாள் எமில்டா எழுந்து நின்று. "செல்லுதான் இருக்கு."

"ஒக்காரும்மா" என்றார் விஜயராஜ். "தேர்வர் தன் விடையைப் பத்திப் பேசக்கூடாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

பிறகு முனைவர் ஒரு மணி நேரம் பேசினார். மூடநம்பிக்கையை ஒழிக்கத் தாம் நாற்பது வருஷம் உழைத்ததாகவும், தமக்கு முன்னால் இந்தத் துறையில் வெளிச்சமே இல்லை என்றும், தம்மை யாரும் கேள்வி கேட்டதில்லை என்றும், கேட்டால் தமக்குப் பிடிக்காது என்றும் சொன்னார். அய்யாக்குட்டி அண்ணாச்சியும் ஒரு மணி நேரம் பேசினார். ஆண்டவன் எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுவானவன் சார்பில் முடிவெடுக்கும் உரிமை தமக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுத்தான் அந்த உரிமையை வாங்கியதாகச் சொன்னார். விஜயராஜ் இரண்டு பேருக்கும் கை தட்டினார், ஒரே அளவில்.

உயிரினங்கள் எல்லாம் தோன்றி முடிய எவ்வளவு காலம் ஆனது என்பதில் விவாதம் முட்டி நின்றது. முனைவர் முன்னூற்று எண்பது கோடி வருஷத்திலிருந்து ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன் என்றார். அண்ணாச்சி எல்லா மதங்களிலும் விசாரித்ததில் கிறிஸ்தவ வேதத்தில்தான் கணக்கு சுருக்கமாக இருக்கிறது, ஆறு நாள், அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. விஜயராஜ் பானுப்ரியாவிடம் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொன்னார்.

"நூத்தித் தொண்ணூறு கோடி வருஷமும் மூணு நாளும் சார்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவ்வளவு வருஷத்தோடு அந்த மூன்று நாள் எதற்கு என்று தஸ்நேவிஸ் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அந்தக் கோடையில் அதுதான் கடைசி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஒற்றுமை தட்டுப்பட்டது. உயிர் கடலில் தோன்றியது என்று முனைவர் சொன்னார். "பெருமாள் பள்ளிகொண்டதும் கடல்தான், வேதத்துல ஆவி அசைஞ்சதும் தண்ணி மேலதான்" என்று அண்ணாச்சி மேசையைத் தட்டினார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே இடம் கடல் என்பதால், அங்கே நேரில் போய்க் கள ஆய்வு செய்வதென்று முடிவாயிற்று.

"எந்தக் கடல் சார்?" என்றார் பானுப்ரியா.

"நம்ம அலுவலக எல்லைக்குள்ள இருக்குற கடல்" என்றார் விஜயராஜ். அப்படியே திரும்பிச் சுவரோரம் பார்த்தார். "அண்ணாச்சி தினமும் கீழ போறவருதானே?"

கச்சான் காற்று வீசுகிற காலம். அந்த மாதங்களில் கடலடி கலங்கிக் கிடக்கும். சங்கு குளிக்க யாரும் போகமாட்டார்கள். தஸ்நேவிஸ் சொல்லிப் பார்த்தார். கலந்தாய்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மறுபடி சொல்லத் தைரியம் வரவில்லை. கூட்டாளி ஒருவருடைய வள்ளத்தைக் கேட்டு வாங்கி, குழுவை ஏற்றிக்கொண்டு முயல் தீவைத் தாண்டிப் போனார். அலை தூக்கிப் போட்டது. முனைவர் கோட்டைக் கழற்றாமலே கடலுக்குள் வாந்தி எடுத்தார். அய்யாக்குட்டி அண்ணாச்சி வள்ளத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, தாம் பிரதிநிதித்துவம் செய்யும் எல்லாத் தெய்வங்களையும் அகர வரிசைப்படி கூப்பிட்டார்.

"என்ன சார் எடுத்துட்டு வரணும்?" என்று தஸ்நேவிஸ் முக்குளிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மொத உயிர்" என்றார் விஜயராஜ். "கெடைக்கலன்னா அதுக்குக் கிட்டத்துல என்ன இருக்கோ அது."

அவர் இறங்கினார். நாலு பாகம் போனதும் சத்தங்கள் அறுந்தன. தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது; நீட்டிய கை தெரியவில்லை. அடியில் சேறும் பாசியும், செத்த சிப்பி ஓடுகளும். தடவிக்கொண்டே போனார். ஓட்டுக்குள் ஏதோ ஒன்று அவர் விரல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. நெல்மணி அளவுகூட இருக்காது. அதற்குக் கண் இருக்குமா, காது இருக்குமா தெரியாது. ஆனால் தொட்டால் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அதை எடுக்கலாமா என்று நின்றார். நெஞ்சு முட்டத் தொடங்கியது. முப்பது வருஷமாக அந்த முட்டல் அவருக்குப் பழக்கம். காற்றுத் தீர்ந்துபோகும்போது அறிவு இன்னும் ஒரு சங்கு, இன்னும் ஒரு சங்கு என்று சொல்லும்; உடம்பு அதைக் கேட்காது, மேலே போ, மேலே போ என்று உதைக்கும். யார் சொல்லிக்கொடுத்து உதைக்கிறது? மகள் எழுதியிருந்தது இதுதான் என்று அப்போது பட்டது. இத்தனை வருஷமாகத் தமக்குத் தினமும் நடப்பதை அவள் வகுப்பறையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டாள். அவருக்குப் பெருமை பொங்கிற்று. ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்தார்.

"சார்" என்றார், மூச்சு வாங்கி வாங்கி. "பிள்ள எழுதுனது சரிதான் சார். மூச்சு முட்டுதுல்லா, அப்பத் தெரியும் சார். உயிருக்குச் சாவப் பிடிக்காது. ஏன்னுதான் அவ கேக்கா. நான் கீழ கெடக்கும்போது..."

"அது தனிப்பட்ட அனுபவம் அண்ணாச்சி" என்றார் விஜயராஜ் அன்பாக. "மினிட்ஸ்ல ஏத்த முடியாது. சேறு எங்க?"

சேற்றை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து அரக்கு வைத்தார்கள். 'சான்றுப் பொருள் ஒன்று: உயிர் (சந்தேகத்துக்குரியது)' என்று பானுப்ரியா சீட்டு ஒட்டினார். ஒரு வாரத்தில் அது நாறத் தொடங்கியது. பாட்டிலுக்குள் முதலில் உயிர் இருந்து பிறகு செத்ததா, அல்லது முதலில் செத்ததாக இருந்து இப்போதுதான் உயிர் தோன்றிக்கொண்டிருக்கிறதா என்று விவாதிக்க இரண்டு கூட்டங்கள் போயின.

ஜூலை பதினான்காம் தேதி விஜயராஜே வீட்டுக்கு வந்தார். கிளாடிஸ் அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார். "அந்தக் கடைசி மூணு வரிய வாபஸ் வாங்குறேன்னு பாப்பா ஒரு கடிதம் எழுதிட்டா, மீதியெல்லாம் புத்தகத்துல உள்ளதுதானே? ஒரு முரண்பாடும் இல்ல. முடிஞ்சு போச்சு."

விஜயராஜ் போன பிறகு தஸ்நேவிஸ் மகள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"எழுதிக் குடுத்துரும்மா. மூணு வரிதானே."

"அந்த மூணு வரிதான்ப்பா நானா எழுதுனது. மத்த ஒன்றரைப் பக்கமும் மனப்பாடம்."

கிளாடிஸ் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏளா, கடவுளுக்குத் தெரியாதா நீ மனசுல நெனைக்கது? தாள்ல அடிச்சா மனசுலயும் அடிச்ச மாதிரியா?" என்றாள்.

"கடவுளுக்குத் தெரியும்மா. எனக்குல்லா கஷ்டமா இருக்கு."

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் சும்மா நிற்பதைப் பார்த்தாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. கேட்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் உள்ளே போய்த் தாளை எடுத்தாள். 'மேற்படி மூன்று வரிகளும் என் அறியாமையால் எழுதப்பட்டவை. அவற்றை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு அக்கேள்வி இல்லை' என்று விஜயராஜ் சொல்லிவிட்டுப் போன வாசகத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி வாக்கியத்தை எழுதும்போது கை கொஞ்சம் நின்று, பிறகு எழுதியது.

பதினேழாம் தேதி குழுவின் ஆணை வந்தது. தஸ்நேவிஸ் அதை அலுவலக வராந்தாவிலேயே பிரித்தார். படித்ததும் பானுப்ரியாவிடம் நீட்டி, "நீயே சொல்லும்மா" என்றார்.

'தேர்வர் சர்ச்சைக்குரிய வரிகளைத் திரும்பப் பெற்றதால் விடைத்தாளில் முரண்பாடு நீங்கிவிட்டது. முரண்பாடு உள்ள விடைத்தாள்களை விசாரிக்க மட்டுமே இக்குழுவுக்கு அதிகாரம் உண்டு என்பதால், இவ்விடைத்தாள் குறித்து மதிப்பெண் உள்ளிட்ட எந்த முடிவும் எடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. விசாரணையில் இருக்கும் விடைத்தாளை வேறு எவரும் திறக்க விதியில் இடமில்லை. எனவே நிறுத்திவைப்பு தொடர்கிறது.'

"அப்ப யாருதான்மா மார்க்கு போடணும்?"

பானுப்ரியா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "யாரும் இல்ல அண்ணாச்சி" என்றார் மெதுவாக.

மறுநாள் கலந்தாய்வுக்கு எமில்டா போனாள். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மற்ற மதிப்பெண்களைப் பார்த்து ஓர் அம்மாள் உச்சுக் கொட்டினார். விலங்கியல் மதிப்பெண் இல்லாமல் தாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். மாலைவரை இருந்துவிட்டு, எல்லாப் பெயர்களும் கூப்பிட்டு முடிந்த பிறகு, அப்பாவும் மகளும் வெளியே வந்தார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள், அல்லது தூங்குவதுபோல இருந்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தஸ்நேவிஸ் தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனார். மாடி ஏறும்போதே சிரிப்பும் பேச்சும் கேட்டன. குழுவின் காலம் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. விஜயராஜ் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கோப்பு. அதை முடிக்காம இருக்க நாம பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். முடிச்சிருந்தா இன்னைக்கு நாம இங்க கூடியிருக்க மாட்டோம். உயிர் எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்தக் குழுவுக்கு உயிர் எங்கேருந்து வந்ததுன்னு தெரியும். ஒரு ஏழைப் பிள்ளையோட அஞ்சு மார்க்குலேருந்து வந்தது. அந்தப் பிள்ள நல்லா இருக்கணும்!"

முனைவரும் அண்ணாச்சியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினார்கள். இருவரும் இப்போது நல்ல சிநேகிதர்கள் ஆகியிருந்தார்கள்.

விஜயராஜ் தஸ்நேவிஸைப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க" என்று இனிப்புத் தட்டிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சார், மார்க்கு கேட்டு வரல. பிள்ள எழுதிக் குடுத்த கடிதம் இருக்குல்லா, அதத் திருப்பித் தாங்க சார்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அதுல, எனக்கு அந்தக் கேள்வி இல்லன்னு எழுதியிருக்கு சார். அது இருக்கு சார் அவளுக்கு."

விஜயராஜ் அவரையே கொஞ்சம் பார்த்தார். ஒரு கணம் மனிதர்போலத்தான் பார்த்தார். பிறகு பானுப்ரியாவைத் திரும்பிப் பார்த்தார். வாபஸ் வாங்கியதை வாபஸ் வாங்கப் படிவம் எதுவும் இல்லை என்று பானுப்ரியா சொன்னார். "போட்டுருவோம். அடுத்த கூட்டத்துல ஒரு படிவம் போட்டுருவோம்" என்றார் விஜயராஜ் உற்சாகமாக.

தஸ்நேவிஸ் படியிறங்கினார். மக்ரூன் கையில் பொடிந்து ஒட்டியது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் தின்றுவிட்டார்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா முடிந்த மறு திங்கட்கிழமை, நண்டுச் சதை எடுத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் எமில்டாவைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். கேட்டுக்கு உள்ளே ஒரு மேசை போட்டு, மேற்பார்வை பார்க்கிற சீனித்தாய் புதிதாக வந்தவர்களுக்குப் பேரேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். வரிசை நீளமாக இருந்தது. எமில்டாவின் முறை வந்தது.

"பேரு?"

"எமில்டா."

"படிப்பு?"

"பிளஸ் டூ."

"பாஸா, பெயிலா?"

"ரெண்டும் இல்லக்கா."

"அது என்னளா ரெண்டும் இல்ல?"

"நிறுத்தி வச்சிருக்காங்க. உயிர் எப்படி வந்துச்சுன்னு முடிவானதும் சொல்லுவாங்க."

சீனித்தாய் பேனாவைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று நினைத்தாள். அப்படித் தெரியவில்லை. பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தஸ்நேவிஸ், சீனித்தாய் குனிந்து படிப்புக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதுவதைப் பார்த்தார். எழுதிக்கொண்டே அவள் அதை வாய்விட்டும் சொன்னாள்.

"படிக்கவில்லை. அடுத்தது யாரு?"